தலை எண்ணிய மூன்று நாட்கள்

அந்த ஸ்டேஷனை மனிதர்களுக்காகக் கட்டவில்லை, கல்லுக்காகக் கட்டினார்கள். மலையடிவாரத்தில் ஒரு குவாரி இருந்தது. தூரத்துத் துறைமுகத்துக்குச் சுவர் எழுப்ப அங்கிருந்துதான் கல் போயிற்று. கல் போவதற்காக ஜங்ஷனிலிருந்து ஒரு கிளைப் பாதை போட்டார்கள். பாதை முடிகிற இடத்தில் ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு குவார்ட்டர்ஸ். ஜங்ஷனுக்கு எதற்காவது போக வேண்டிய ஜனங்கள் கல்வண்டியோடு ஒட்டிக்கொண்டு போனார்கள். பிறகு அவர்களுக்கென்று இரண்டு பெட்டி கோத்தார்கள்.

குவாரியில் ஒருநாள் ஊற்றுக் கண் திறந்துகொண்டது. பம்பு வைத்து இறைத்துப் பார்த்தார்கள். இறைக்க இறைக்க ஏறியதே தவிர வடியவில்லை. கம்பெனிக்காரர்கள் கிரேனைக்கூட எடுக்காமல் போய்விட்டார்கள். கல் நின்றது, இரண்டு பெட்டி ரயில் மட்டும் காலையும் மாலையும் வந்து போய்க்கொண்டிருந்தது, யாரோ நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டது போல.

மாஸ்டர் மாற்றலாகி வந்தது அப்போதுதான். மற்றவர்கள் ஏதேதோ காரணம் சொல்லி வர மறுத்த இடம். புதிதாகக் கல்யாணமான அவர், மனைவியோடும் தாய் தகப்பன் இல்லாத தம்பியோடும் வந்து இறங்கினார். தம்பி அப்போது பள்ளிக்கூடம் போகிற பையன். புருஷனோடு சேர்த்து ஒரு பிள்ளையையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று மாஸ்டரம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். பின்னாளில் தனக்கென்று பிள்ளை பிறக்காது என்று தெரிந்த பிறகு அந்தப் பேச்சைச் சிரிக்காமல் சொன்னாள். அவளுக்கு அவன் எப்போதும் சின்னவன்தான்.

குவார்ட்டர்ஸின் சமையலறைக்கும் டிக்கெட் அறைக்கும் நடுவே ஒரே சுவர். டிக்கெட்டில் தேதி குத்தும் இயந்திரத்தின் 'டக்' சத்தம் அடுப்படிவரை கேட்கும். மாஸ்டரம்மா வெங்காயம் நறுக்கும்போது அந்த டக், டக் கூடவே வரும். இடையிடையே மாஸ்டரின் குரல்: "நிதானமா வாங்கம்மா, உங்களை விட்டுட்டு அது எங்க போயிடும்?" ரயில் தாமதமாக வருகிறதே என்று யாராவது முணுமுணுத்தால், "ரயில் சரியாத்தான் வருது, நேரம்தான் முந்திக்கிட்டு வந்துடுது" என்பார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாலும் ஜனங்கள் சிரித்தார்கள். வழியில் இருந்த சின்னச் சின்ன நிறுத்தங்களுக்கு மாஸ்டர் கிடையாது. பிரசவத்துக்குப் போகிறவள், கோர்ட்டுக்குப் போகிறவன், வேலை தேடிப் போகிறவன் எல்லாருக்கும் இவர்தான் மாஸ்டர்.

சின்னவனை ரயில்வேயிலேயே சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. யார் யார் காலையோ பிடித்து லெவல் கிராசிங்கில் கேட்காரன் வேலை வாங்கிக் கொடுத்தார். சின்னவன் கொஞ்ச காலம் கேட்டைத் திறந்தான், மூடினான். அந்தக் கேட்டில் நின்றபடிதான் புதிதாகப் போட்ட தார்ச்சாலையைப் பார்த்தான். ஒருநாள் வேலையை உதறிவிட்டு, எங்கேயோ ஓடித் தேய்ந்த ஒரு பழைய பஸ்ஸை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். கேட்டுக்கு அடுத்த முனையில், சாலையோரமாக வீடும் பார்த்துக்கொண்டான்.

மாஸ்டர் சண்டை போடவில்லை. அன்று முதல் தம்பியை 'அவர்' என்று சொல்ல ஆரம்பித்தார், அவ்வளவுதான்.

"அவர் பஸ்ஸு வந்துடுச்சு போலிருக்கே."

"யாரு, நம்ம சின்னவனா?"

"பஸ்காரர்."

திட்டியிருந்தால்கூட மாஸ்டரம்மாவுக்கு ஆறியிருக்கும். தோளில் தூக்கி வளர்த்தவனை ஊரான் மாதிரி மரியாதையாகச் சொல்வதை அவளால் தாங்க முடியவில்லை. சின்னவன் வாசல்வரை வருவான். அண்ணன் டிக்கெட் அறையில் இருப்பது தெரிந்தால் தயங்கி நின்றுவிட்டு, சமையலறை ஜன்னல் வழியாக ஏதாவது கொடுத்துவிட்டுப் போவான். ஒருமுறை கம்பளிப் போர்வை, ஒருமுறை மாஸ்டரின் மூட்டுவலிக்குத் தைலம். "யாரு குடுத்ததுன்னு சொல்லாதீங்க அண்ணி" என்பான். மாஸ்டரும் கேட்காமலே தேய்த்துக்கொள்வார்.

வருஷங்கள் போகப் போக சுவருக்கு அந்தப் பக்கத்தில் டக் சத்தம் குறைந்தது. பஸ் வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டது. ரயிலுக்கு வருகிறவர்கள் பழக்கத்தை விட முடியாத கிழவர்கள், மூட்டை முடிச்சு உள்ளவர்கள், பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்கள். சில நாள் காலையில் மாஸ்டரம்மா ஒரு கீரைக்கட்டு முழுவதையும் ஆய்ந்து முடிப்பாள்; ஒரு சத்தமும் கேட்காது.

பிறகு மேலதிகாரிகளிடமிருந்து உத்தரவு வந்தது. மூன்று நாள் ஆள் வைத்துத் தலை எண்ணப் போகிறார்கள். அந்த மூன்று நாளில் கூட்டம் இருந்தால் ரயில் ஓடும். இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள்.

மாஸ்டர் அதைப் படித்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை ரயிலை அனுப்பியதும் சைக்கிளை எடுத்தார். அதற்குப் பிறகு தினமும் அதே வேலை. பகல் முழுக்க மேடும் பள்ளமுமாக மிதித்து ஒவ்வொரு ஊராகப் போனார். வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "மூணே மூணு நாளு. எங்கேயாவது போங்க, சும்மா போயிட்டு வாங்க" என்று கேட்டார். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாத மனிதர். திரும்பி வந்தால் மூச்சு வாங்கும். சட்டையைக் கழற்றும்போது இடது தோளைப் பிடித்துக்கொள்வார்.

"இந்த வயசுல இது தேவையா? உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"எல்லாரும் வரேன்னுட்டாங்க. ஒருத்தர்கூட முகம் சுளிக்கல, தெரியுமா."

"சின்னவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா மூணு நாளு பஸ்ஸை நிறுத்திடுவான். நான் போய்ச் சொல்லட்டுமா?"

மாஸ்டர் சைக்கிள் கிளிப்பைக் காலிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். "அவரு பொழப்ப நாம ஏன் கெடுக்கணும்" என்றார். கோபத்தில் சொல்கிறாரா, பாசத்தில் சொல்கிறாரா என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அண்ணன் தம்பி விவகாரம் தெரிந்த ஜனங்களும் தலை எண்ணும் விஷயத்தைச் சின்னவன் காதில் போடவில்லை.

முதல் நாள் காலை ரயில் வந்தபோது பெட்டியின் கதவுகளில் ஆட்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். சொன்ன சொல் தவறாமல் எல்லா ஊரிலிருந்தும் வந்திருந்தார்கள். போக ஒரு இடமும் இல்லாதவர்கள் ஸ்டேஷனில் இறங்கி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நின்று பேசிவிட்டு, அதே ரயிலில் திரும்பினார்கள். அந்த ரயிலில்தான் எண்ணிக்கைக்காரரும் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். மாஸ்டரம்மா அவருக்குத் தேநீர் கொடுத்தாள். சாயங்கால ரயிலும் அப்படியே நிறைந்து போனது.

மாஸ்டர் அதை அனுப்பிவிட்டுப் பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டே உள்ளே வந்தார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"பார்த்தியா? விட்டுக்கொடுக்கல பாரு நம்ம ஜனங்க."

"பார்த்தேன் பார்த்தேன். உட்காருங்க, மூச்சு இரைக்குது உங்களுக்கு."

உட்கார்ந்தார். அவள் தண்ணீர் மொண்டு வருவதற்குள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கொடி மட்டும் மடியில் இருந்தது.

கேட்காரராக இருந்த நெட்டைதான் ஓடிப்போய்ச் சின்னவனிடம் சொன்னார். சின்னவனுக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்தவர் அவர். உயரத்தால் வந்த பெயர். சின்னவன் சாலையிலிருந்து குவார்ட்டர்ஸ்வரை செருப்பில்லாமல் ஓடி வந்தான். அண்ணன் காலடியில் உட்கார்ந்து, இத்தனை வருஷம் பேசாததையெல்லாம் பேசினான். காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை. ஒரு கட்டத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"அண்ணி, நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க. சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் நான் சொல்லிக்கிறேன். ஒருத்தர் விடாம நானே கூட்டிட்டு வரேன்."

அவள் தலையை ஆட்டினாள். என்ன சொன்னான், எதற்குத் தலையாட்டினோம் என்றுகூட அப்போது அவள் நினைவில் இல்லை.

விடிந்ததிலிருந்து பஸ் வந்துகொண்டே இருந்தது. சின்னவன் ஊர் ஊராகப் போய் ஜனங்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு மறுபடி போனான். முதல் நாள் ரயிலில் வந்த அதே முகங்கள். மாஸ்டர் வாசலில் சைக்கிள் நிறுத்திக் கேட்ட அதே வீட்டுக்காரர்கள். குவார்ட்டர்ஸ் கொள்ளவில்லை. முற்றம் நிறைந்து, வேலியோரம் நிறைந்து, பிளாட்பாரம் முழுக்க நின்றார்கள். குவாரி ஓடிய காலத்தில்கூட அந்த ஸ்டேஷன் அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை என்று பழைய ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவேதான் காலை ரயில் வந்து நின்றது.

மாஸ்டரம்மா உடலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாகப் பெட்டிகள் தெரிந்தன. ஒரு ஜன்னலிலும் தலை இல்லை. மாஸ்டருக்குப் பதிலாக அனுப்பப்பட்ட ஒரு ஆள் இறங்கினார். அவருக்குப் பின்னால் எண்ணிக்கைக்காரர், கையில் பென்சிலோடு. பிளாட்பாரத்தில் நின்ற நூற்றுக்கணக்கான பேரும் ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நின்றார்கள். இறங்கியவருக்கு வழிவிட மட்டும் கொஞ்சம் ஒதுங்கினார்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்று இரண்டாம் நாள்.

அவள் எழுந்தாள். யாரோ கையைப் பிடித்தார்கள். "இதோ வரேன்" என்று விடுவித்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கு வந்தாள். எண்ணிக்கைக்காரர் அவளைப் பார்த்ததும் பென்சிலைப் பைக்குள் போட்டார்.

"நேத்து சாயங்காலம்கூட நல்லாப் பேசிட்டிருந்தாரேம்மா" என்றார்.

"ஐயா, இவங்க எல்லாரும் ரயிலுக்கு வரவேண்டியவங்கதான்."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். காலிப் பெட்டிகளைப் பார்த்தார்.

"தெரியுதும்மா."

"இப்படி ஆயிடுச்சுன்னு எழுத மாட்டீங்களா?"

"எழுதறேன். கண்டிப்பா எழுதறேன். ஆனா ஓரத்துல எழுதறதை மேல யாரு படிக்கிறா? எண்ணிக்கையைத்தான் பாப்பாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சாயங்கால வண்டியும் இன்னிக்குக் கணக்குலதாம்மா சேரும். இவங்க எல்லாரும் எப்படியும் வீட்டுக்குத் திரும்பணும் இல்ல?"

அவர் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போய் மாஸ்டரைப் பார்த்து நின்றார். அவள் அதே இடத்தில் நின்றாள். சாயங்கால வண்டி. அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அன்று அடக்கம் முடியும்வரை அவள் நிமிர்ந்து நடந்தாள்.

மண்ணைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது மழை தூற ஆரம்பித்திருந்தது. ஜனங்கள் ஸ்டேஷன் கூரைக்கடியில் ஒதுங்கினார்கள். சாயங்கால ரயில் வர இன்னும் நேரமிருந்தது. சாலையில் சின்னவன் பஸ்ஸைத் திருப்பி நிறுத்தி, வயதானவர்களைக் கைத்தாங்கலாக ஏற்ற ஆரம்பித்தான். அவள் நனைந்துகொண்டே அவனிடம் போனாள்.

"தம்பி, இவங்க ரயில்ல போகட்டுமே."

சின்னவன் திரும்பினான். அழுது அழுது கண் சிவந்து, முகம் வீங்கி, பார்க்கவே ஆள் வேறு மாதிரி இருந்தான். சட்டையெல்லாம் மண்.

"ஏன் அண்ணி?"

"இல்ல... ரயில் வருமே."

"அது எப்போ வந்து, எப்போ போய்ச் சேர? கிழவங்க எல்லாம் மழையில நனையறாங்க பாருங்க." அவன் குரல் உடைந்தது. "உயிரோட இருக்கும்போது நான் குடுத்த ஒரு வாய் தண்ணியைக்கூட அவரு வாங்கிக் குடிக்கல. இன்னிக்கு ஒரு நாள்தான் அண்ணனுக்குன்னு ஏதோ செய்யறேன். இதையும் வேண்டாம்னு சொல்றீங்களா?"

சொல்ல வேண்டியது அவள் தொண்டையில் இருந்தது. உன் பஸ்தான் இன்று காலை ரயிலைக் காலியாக்கியது. இப்போது நீ ஏற்றினால் உன் அண்ணன் கால் தேய அலைந்தது அத்தனையும் வீண். இரண்டே வரி. சொன்னால் இந்த நிமிஷமே எல்லாரையும் இறக்கிவிடுவான், அது அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு இவன் என்ன ஆவான் என்றும் தெரியும். ஒருவரைப் புதைத்துவிட்டு வந்த கையோடு இன்னொருவனையும் குழிக்குள் தள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

"வேண்டாம்னு சொல்லலப்பா," என்றாள். "பாத்து ஓட்டு. ரோடு வழுக்கும்."

பஸ் நடை நடையாக எல்லாரையும் கொண்டுபோய்விட்டது. சாயங்கால ரயில் விளக்குப் போட்டுக்கொண்டு வந்து, கொஞ்சம் நின்று, எண்ணிக்கைக்காரரை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் கொஞ்சம் பேர் வந்தார்கள். மற்றவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒருநாள் ரயிலுக்காக வேலையை விட்டார்கள், ஒருநாள் சாவுக்காக விட்டார்கள். மூன்றாம் நாளும் விட்டால் வயிற்றுக்கு என்ன செய்வார்கள்?

அந்த வருஷம் முடிவதற்குள் ஸ்டேஷனை மூடினார்கள். கடைசி ரயிலுக்குக் கூட்டம் வந்ததாகச் சொன்னார்கள். மாஸ்டரம்மா அதற்கு முன்பே குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு சின்னவன் வீட்டுக்கு வந்துவிட்டாள். சின்னவன் மனைவி பாவம், நல்ல பெண். முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள். ஆனால் அந்த வீட்டுச் சமையலறைச் சுவருக்கு அப்பால் ஒன்றும் இல்லை. நறுக்குவதை நிறுத்திவிட்டு எதற்கோ காத்திருப்பதுபோல மாஸ்டரம்மா அப்படியே நிற்பாள். பிறகு தானே சுதாரித்துக்கொண்டு தொடர்வாள்.

வேலை போன நெட்டை ஒருநாள் குடித்துவிட்டு பஸ்ஸில் ஏறினார். டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம், "உங்க முதலாளிதான்டா என் சோத்துல மண்ணைப் போட்டாரு, அண்ணன் பொணத்தை வச்சு ரயிலை மூடினாரு" என்று சத்தம் போட்டார். பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்த சின்னவன் ஓரமாக நிறுத்திவிட்டு, அவரை இறக்கி, புளியமரத்தடியில் உட்கார வைத்து முழுக்கதையையும் கேட்டான்.

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான். மாஸ்டரம்மா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். எது என்று அவள் கேட்கவில்லை.

"தெரியும்."

"அன்னிக்கே தெரியுமா? பஸ்கிட்ட வந்து நின்னீங்களே, அப்பவே?"

"அப்பவே தெரியும்."

"ஏன் அண்ணி சொல்லல? என் கையாலயே என்னைச் செய்ய விட்டுட்டீங்களே."

"சொல்லியிருந்தா நீ என்ன ஆகியிருப்ப?"

"இப்போ மட்டும் என்ன ஆகியிருக்கேன்?"

அவள் மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒரு வருஷம் தள்ளிப்போட்டிருக்கிறாள், அவ்வளவுதான் செய்ய முடிந்திருக்கிறது. தள்ளிப்போட்டதில் பாரம் கூடித்தான் போயிருந்தது.

அதற்குப் பிறகு சின்னவன் அவளிடம் சண்டை போடவில்லை. பேச்சு மட்டும் சுருங்கிப் போயிற்று. "சாப்பிட்டீங்களா", "மருந்து இருக்கா" என்பதோடு நின்றது. அண்ணன் பேசாமல் இருந்த மாதிரியே தம்பியும் ஆகிவிட்டானோ என்று அவள் பயந்தாள். முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவனால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வேறு ஒரு டிரைவரைப் போட்டுவிட்டுப் பாதி நாள் வீட்டிலேயே கிடந்தான். வேறு எங்காவது போய்விட்டால் அவனுக்கு நிம்மதியாக இருக்கும் என்று அவள் இரண்டுமுறை பையைக் கட்டினாள். இரண்டுமுறையும் அவன் பையைப் பிடுங்கி உள்ளே வைத்தான்.

ஒரு நாள் காலையில் சாலைக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. தண்டவாளத்தைப் பெயர்க்கக் காண்ட்ராக்ட்காரர்கள் வந்திருந்தார்கள். கேஸ் வைத்து இரும்பை அறுக்கும் சீற்றம், பிறகு சம்மட்டி அடி, பிறகு துண்டாகிய தண்டவாளத்தை லாரியில் போடும் பெரிய சத்தம். ஒவ்வொரு முறையும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

மாஸ்டரம்மா முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். சின்னவன் உள்ளேயிருந்து வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் போய் ரேடியோவைப் போட்டு, சத்தத்தை ஏற்றினான். ஏதோ பாட்டு வீடு முழுக்க அலறியது.

அவள் எழுந்து போய் அதை நிறுத்தினாள்.

"கேட்கட்டும்பா," என்றாள். "எனக்கு மறைச்சு நீயும், உனக்கு மறைச்சு நானும் எத்தனை நாளைக்கு? உட்காரு."

அவன் உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே அடுத்த தண்டவாளம் விழுந்தது. அவன் தோள் குலுங்கியது. பிறகு மெதுவாக வந்து, அவள் காலடியில் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அவள் அவன் தலைமேல் கை வைக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. சொல்ல ஏதாவது இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

சின்னவன் மனைவி சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். லாரி நிறைந்து போயிற்று, அடுத்த லாரி வந்தது. சத்தம் மெல்ல மெல்ல மலைப்பக்கத்திலிருந்து விலகி, ஜங்ஷன் பக்கமாகத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. வேலைக்காரர்கள் நிறுத்தும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.